இரும்புத் துருவைக் கரன்ட் வைத்து எடுப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் எங்கள் மோட்டார் ரீவைண்டிங் பட்டறை வாசலில் ஒரு பெயின்ட் வாளி எந்நேரமும் குமிழி விட்டுக்கொண்டிருக்கும். உள்ளே யாருடைய அருவாளோ, அருவாமனையோ, மம்பட்டியோ ஊறிக்கொண்டிருக்கும். மோட்டாரைக் கொண்டு வருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு நின்று கேட்பார்கள். வீட்டில் செய்து பார்த்துவிட்டு மறுபடியும் போன் போட்டுக் கேட்பார்கள். சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றேதான். ஆகவே அவர்கள் கேட்ட வார்த்தையிலேயே எழுதி வைக்கிறேன். நல்ல கொல்லன் அடித்த இரும்பை, துருப்பிடித்துவிட்டது என்ற ஒரே காரணத்துக்காகப் பழைய இரும்புக் கடையில் கிலோ கணக்கில் போடுவதைப் பார்க்க எனக்கு மனம் தாங்குவதில்லை.

"அண்ணாச்சி, அந்த வாளியில என்ன கொதிக்குது? அடியில அடுப்பே இல்லையே?"

கொதிக்கவில்லை. சோடா கலந்த தண்ணீரில் துருப்பிடித்த சாமானை பேட்டரி சார்ஜரின் மைனஸிலும், வேறொரு இரும்புக் கம்பியைப் பிளஸிலும் மாட்டியிருக்கிறேன். கரன்ட் பாயும்போது தண்ணீர் பிரிகிறது. சாமானின் மேல் ஹைட்ரஜன் குமிழி கிளம்பும், கம்பிப் பக்கம் ஆக்சிஜன் கிளம்பும். பள்ளிக்கூடத்தில் மின்னாற்பகுப்பு என்று படித்தோமே, அதுதான்.

துருவுக்கும் இரும்புக்கும் இடையிலிருந்து கிளம்புகிற குமிழி துருவைத் தள்ளிக்கொண்டு வரும். கூடவே, சிவப்புத் துருவில் ஒரு பங்கு கறுப்பு ஆக்சைடாக மாறிப் பிடிப்பு விட்டுவிடும். அதைத் தேங்காய்த் தும்பு வைத்துத் தேய்த்தாலே போய்விடும். உப்புத்தாள் போட்டால் துருவோடு நல்ல இரும்பும் தேயும். ஆசிட் ஊற்றினால் இரும்பையும் தின்னும். இதில் துரு மட்டும் போகும். இந்த முறையை நான் விடாமல் பிடித்திருப்பதற்குக் காரணம் இது ஒன்றுதான்.

"என்னென்ன சாமான் வேணும்? நம்ம ஊர்லயே எல்லாம் கிடைக்குமா?"

பிளாஸ்டிக் வாளி ஒன்று, சலவை சோடா, கட்டட வேலையில் மிஞ்சிய கம்பித் துண்டு நாலு, 12 வோல்ட் டிசி கொடுக்கிற ஏதாவது ஒன்று, கொஞ்சம் வயர், முதலைக் கிளிப். பைக் அல்லது கார் பேட்டரியைச் சார்ஜ் செய்கிற பழைய மாடல் சார்ஜர் மிக நல்லது. புது மாடல் ஆட்டோமேட்டிக் சார்ஜர் எதிரே பேட்டரி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கரன்ட் விடும், அதனால் வாளியில் வேலை செய்யாது. சின்னச் சாமானுக்கு 12 வோல்ட் 2 ஆம்பியர் அடாப்டரே போதும். பழைய கம்ப்யூட்டர் எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளைப் பெட்டி) இருந்தால் அதன் பெரிய கனெக்டரில் பச்சை வயரை ஒரு கறுப்பு வயரோடு சேர்த்தால் ஓட ஆரம்பிக்கும். மஞ்சள் பிளஸ், கறுப்பு மைனஸ். அதன் பெட்டியை மட்டும் திறக்காதீர்கள்.

வெறும் டிரான்ஸ்ஃபார்மர் உதவாது. அதிலிருந்து வருவது ஏசி, திசை மாறிக்கொண்டே இருக்கும். வீட்டு 230 வோல்ட்டை நேரே வாளிக்குள் விடுவது சாவு.

இன்னொன்று. பழைய பைக் ஹெட்லைட் பல்பு, 12 வோல்ட் 35 வாட், ஒன்றைப் பிளஸ் வயரில் தொடராக மாட்டுங்கள். வாளிக்குள் கம்பியும் சாமானும் தற்செயலாக முட்டிக்கொண்டால் பல்பு பளிச்சென்று எரியும், சார்ஜர் தப்பிக்கும். எவ்வளவு போனாலும் கரன்ட் சுமார் 3 ஆம்பியரோடு நின்றுவிடும். ஒழுங்காக ஓடும்போது பல்பு மங்கலாகவோ எரியாமலோ இருக்கும். மீட்டர் இல்லாத வீட்டில் அந்தப் பல்புதான் மீட்டர்.

"சோடான்னா ஆப்பசோடாவா? கல்லுப்பு போட்டா ஆகாதா, அதுலயும் கரன்ட் போகும்லா?"

அதிகம் பேர் தடுமாறுவது இங்கேதான். பலசரக்குக் கடையில் 'சோடா' என்றால் மூன்று சாமான் வரும். துணி துவைக்கிற சலவை சோடா, அதாவது சோடியம் கார்பனேட், நமக்கு வேண்டியது. ஆப்பசோடா சோடியம் பைகார்பனேட். அதிலும் வேலை நடக்கும், ஆனால் மந்தமாக. அதை இரும்புச் சட்டியில் போட்டு நன்றாகச் சூடு ஏற வறுத்தால் ஆவியும் கரியமில வாயுவும் போய்ச் சலவை சோடாவாகவே மாறிவிடும். மூன்றாவது காஸ்டிக் சோடா. அது தோலையும் கண்ணையும் பொசுக்கிவிடும். வீட்டு வேலைக்குத் தேவையே இல்லை.

10 லிட்டர் தண்ணீருக்குத் தூள் சோடா 50 கிராம் போதும். கண்ணாடி மாதிரி கட்டியாக இருக்கிற சலவை சோடாவில் பாதிக்கு மேல் தண்ணீர்தான். அதைப் போட்டால் 130 கிராம் வேண்டும். கூடுதலாகப் போட்டால் வேகமாகப் போகுமே என்று அள்ளிக் கொட்டாதீர்கள், கரன்ட் ஏறிச் சார்ஜர் சூடாகும்.

உப்பு மட்டும் கூடவே கூடாது. கரன்ட் நன்றாகப் போகும் என்பது உண்மைதான். ஆனால் கம்பிப் பக்கம் குளோரின் வாயு கிளம்பும், அந்த வாடையை மோந்தால் நெஞ்சை அடைக்கும். போதாக்குறைக்கு இரும்பின் துளைகளில் உப்பு தங்கி, எடுத்த துரு ஒரு மாதத்தில் இரண்டு மடங்காகத் திரும்பி வரும்.

"எந்த வயர எதுல மாட்டணும்? ஆளுக்கு ஒண்ணு சொல்லுதாவ."

துருப்பிடித்த சாமான் மைனஸில், கறுப்பு வயர். கட்டடக் கம்பி பிளஸில், சிவப்பு வயர். மாறிப்போனால் கட்டடக் கம்பி சுத்தமாகும், உங்கள் சாமான் கரையும். மேலப்பாளையத்திலிருந்து ஒரு பையன் அவன் அப்பாவின் ஸ்பானரைக் கொண்டுவந்து காட்டினான். ஒரு ராத்திரி மாற்றி மாட்டியிருக்கிறான். வாயோரம் முழுக்கப் பொடிப்பொடியாகக் குழி. குழி விழுந்த இரும்பை எதைக் கொண்டும் திருப்ப முடியாது. ஆகவே சுவிட்ச் போடும் முன் ஒவ்வொரு முறையும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், "சாமான் மைனஸ்". நான் இன்றைக்கும் சொல்கிறேன்.

"கம்பிக்குப் பதிலா எவர்சில்வர் கரண்டி வைக்கலாம்லா? அது கரையாதுல்லா?"

வைக்கவே கூடாது. எவர்சில்வர் துருப்பிடிக்காமல் இருப்பதே அதில் கலந்திருக்கிற குரோமியத்தால்தான். பிளஸில் மாட்டினால் அந்தக் குரோமியம் தண்ணீருக்குள் இறங்கும். அதுவும் ஆறு இணைதிறன் உள்ள குரோமியமாக இறங்கும். அது புற்றுநோய் உண்டாக்குகிற சரக்கு. தண்ணீர் மஞ்சளாகத் திரும்புவதைப் பார்த்திருக்கிறேன் என்று சொன்னவர்கள் உண்டு. அப்படி ஆனால் கையை விடாதீர்கள், சாக்கடையிலும் ஊற்றாதீர்கள். மூடி போட்ட கேனில் தனியாக வைத்து, மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அலுவலகத்தில் கேட்டு ஒப்படையுங்கள்.

ஜி.ஐ. பைப் (துத்தநாகம் பூசியது), தகரம், செம்பு இவையும் வேண்டாம். சாதாரணக் கட்டடக் கம்பி போதும். அது கரைந்து மெலியும், அதன் வேலையே அதுதான். அடிக்கடி எடுத்து மேலே படிகிற செம்மண் போன்ற பசையைச் சுரண்டிவிடுங்கள், இல்லாவிட்டால் கரன்ட் குறையும்.

"ஷாக் அடிக்குமா? வெடிக்கும்னு வேற சொல்லுதாங்களே?"

12 வோல்ட் ஷாக் அடிக்காது. ஆபத்து சார்ஜரின் மறுமுனையில், சுவரில் இருக்கிற 230 வோல்ட்டில்தான். சார்ஜரை வாளியிலிருந்து தள்ளி, உயரத்தில் வையுங்கள். ஈரக்கையோடு சுவிட்சைத் தொடாதீர்கள்.

வெடிப்பது ஹைட்ரஜன். எவ்வளவு வரும் என்பதற்கு மைக்கேல் ஃபாரடே 1830-களிலேயே கணக்குச் சொல்லிவிட்டார். அதன்படி 3 ஆம்பியரில் மணிக்கு ஒன்றேகால் லிட்டருக்குக் கொஞ்சம் மேலே வரும். திறந்த வாசலில் அது கலைந்துபோகும். மூடிய குளியலறையில், மூடி போட்ட டிரம்மில் தேங்கினால், காற்றில் நூற்றுக்கு நாலு பங்கு சேர்ந்ததுமே தீப்பொறி பட்டால் பற்றும். ஆகவே வெட்டவெளி, பக்கத்தில் பீடி கிடையாது, விளக்கு கிடையாது. கிளிப்பைக் கழற்றும் முன் சுவிட்சை அணைக்கவும், கிளிப்பைப் பிடுங்கும்போது வருகிற சின்னப் பொறியே போதும். வெயில் காலத்தில் ஆடும் கோழியும் எந்தத் தண்ணீரையும் குடிக்க வரும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

"எங்க வீட்டுல போர் தண்ணிதான். பரவாயில்லையா?"

பரவாயில்லை. சோடா போட்டதும் வெள்ளையாகத் திரிந்து அடியில் படியும், அது சுண்ணாம்பு. தெளிய விட்டு மேல் தண்ணீரை எடுத்துக்கொள்ளலாம். ராதாபுரம் பக்கம் சில ஊர்களில் போர் தண்ணீர் வாயில் வைக்க முடியாத கரிப்பு. அங்கே மட்டும் குழாயில் வருகிற ஆற்றுத் தண்ணீரோ மழைத் தண்ணீரோ எடுங்கள். காரணம் உப்பைப் பற்றி மேலே சொன்னதுதான்.

"எல்லாம் சரியா மாட்டுனேன். ஒரு குமிழி கூட வரலை."

பத்தில் ஒன்பது பேருக்குக் கிளிப் துருவின் மேல் கடித்துக்கொண்டிருக்கும். துரு வழியாகக் கரன்ட் சரியாகப் போகாது. ஓர் ஓரத்தில் அரம் போட்டு வெள்ளை இரும்பு தெரிகிற வரை உரசி, அங்கே மாட்டுங்கள். கிளிப் தண்ணீருக்கு மேலே இருக்கட்டும். பிளஸ் பக்கத்துச் செம்புக் கிளிப் தண்ணீருக்குள் இறங்கினால் அதுவும் கரைந்து, செம்பு போய் உங்கள் சாமானில் படியும்.

"எவ்வளவு நேரம் போடணும்? ராத்திரி கரன்ட் போயிட்டா என்ன ஆகும்? பில்லு எகிறுமா?"

மேலோட்டமான துருவுக்கு 3, 4 மணி நேரம். கெட்டித் துருவுக்கு ஒரு ராத்திரி, சில சமயம் இரண்டு நாள். நடுநடுவே அணைத்து, எடுத்துத் தேய்த்து, மறுபடி போட்டால் சீக்கிரம் முடியும். கரன்ட் போனால் பயமில்லை. சோடாத் தண்ணீர் காரத்தன்மை உள்ளது, அதில் முழுகிக் கிடக்கிற இரும்பு துருப்பிடிக்காது. 12 வோல்ட்டில் 3 ஆம்பியர் என்றால் 36 வாட், சார்ஜர் சூட்டோடு சேர்த்து 50 வாட் வைத்துக்கொள்ளுங்கள். 10 மணி நேரத்துக்கு அரை யூனிட்.

"ஒரு பக்கம் பளபளன்னு ஆயிட்டு. மறுபக்கம் அப்படியே இருக்கு."

கம்பியைப் பார்த்திருக்கிற பக்கம்தான் நன்றாகச் சுத்தமாகும். நாலு கம்பி கேட்டது இதற்காகத்தான். வாளியின் நாலு மூலையிலும் நிறுத்தி ஒரே வயரால் கோத்து, நடுவில் சாமானைத் தொங்கவிடுங்கள். ஒரே கம்பிதான் இருக்கிறதென்றால் பாதி நேரத்தில் சாமானைத் திருப்பிவிடுங்கள்.

"வெளிய எடுத்தா கன்னங்கரேல்னு இருக்கு. கெட்டுப்போச்சா?"

கெடவில்லை. முதல் கேள்வியில் சொன்ன கறுப்பு ஆக்சைடுதான் அது. ஈரம் காயும் முன்னே தும்பாலோ பித்தளை பிரஷாலோ தேயுங்கள். எங்கள் ஆச்சியின் அருவாமனையை இப்படித் தேய்த்தபோது, கறுப்புக் கூழ் வழிந்த இடத்தில், அடித்தண்டுக்குப் பக்கத்தில் மூன்று புள்ளியும் ஒரு கோடும் தெரிந்தன. அதை அடித்த கொல்லன் உளியால் வைத்த அடையாளம். நாற்பது வருஷம் அதில் தேங்காய் துருவிய வீட்டில் ஒருவருக்கும் அது தெரியாது.

துரு தின்ற பள்ளம் மட்டும் பள்ளமாகவே நிற்கும். போன இரும்பைக் கரன்ட் திருப்பித் தராது.

"கழுவி வச்சேன். காப்பி குடிச்சிட்டு வாறதுக்குள்ள மறுபடியும் சிவந்துட்டு!"

அம்மணமான இரும்பு அப்படித்தான். ஐப்பசி அடைமழையில் கேட்கவே வேண்டாம், கண் முன்னே சிவக்கும். கழுவியதும் துணியால் ஒற்றி, அடுப்பின் மேலோ வெயிலிலோ சூடு காட்டி, கை பொறுக்கிற சூட்டிலேயே எண்ணெய் தடவுங்கள். வெட்டுகிற சாமானுக்குத் தேங்காய் எண்ணெய், மம்பட்டி கடப்பாரைக்கு எந்த எண்ணெயும் ஆகும். பெயின்ட் அடிப்பதானால் எண்ணெய் வேண்டாம், காய்ந்த கையோடு பிரைமர் அடித்துவிடுங்கள்.

"மதினி கேக்கச் சொன்னாவ: தோசைக்கல்லப் போடலாமா? அப்புறம் அதுல சாப்பிடலாமா?"

தாராளமாகப் போடலாம். இரும்பு தோசைக்கல், பணியாரச் சட்டி, இருப்புச்சட்டி எல்லாம் போடலாம். ஒன்று, துணைக்கு வைக்கிற கம்பி பெயின்டும் கிரீஸும் இல்லாத சுத்தமான கம்பியாக இருக்க வேண்டும். இரண்டு, புதுச் சோடாத் தண்ணீர். மம்பட்டி ஊறிய தண்ணீரில் தோசைக்கல்லைப் போடாதீர்கள்.

வருஷக்கணக்கில் பழக்கின எண்ணெய்ப் பூச்சும் துருவோடு போய்விடும் என்பதை மதினியிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். எடுத்த பிறகு நன்றாகக் கழுவி, வடிகஞ்சியில் இரண்டு மூன்று நாள், தினம் கஞ்சியை மாற்றி ஊறப்போட்டு, அப்புறம் நல்லெண்ணெய் மெலிதாகத் தடவிப் புகை வருகிற வரை காயவைத்து ஆறவிடுவார்கள் எங்கள் வீட்டில். நாலைந்து தரம் அப்படிச் செய்தால் முதல் தோசை பிய்யாமல் வரும்.

"அருவா வெட்டு போயிருமா? கரன்ட் பாஞ்சா இரும்பு மெத்துன்னு ஆயிரும்னு ஒருத்தர் சொன்னாரு."

கொல்லன் இரும்பைக் காய்ச்சித் தண்ணீரில் முக்கி ஏற்றுகிற உறுதிதான் தோய்ச்சல். அது போவது சூட்டில்தான். இதில் சூடு கிடையாது. அதனால் வெட்டு அப்படியே இருக்கும், மறுபடி சாணை மட்டும் பிடிக்க வேண்டும்.

ஆனால் வேறொரு சங்கதி உண்டு. உருவாகிற ஹைட்ரஜனில் ஒரு துளி இரும்புக்குள்ளும் நுழையும். மெத்தென்ற இரும்புக்கு அது ஒன்றும் செய்யாது. நன்றாகத் தோய்ச்சல் ஏற்றிய எஃகை நொறுங்குகிற தன்மைக்குக் கொண்டுவரும். ஆகவே அருவாள், உளி போன்றவற்றைத் தேவைக்கு மேல் வாளியில் விடாதீர்கள். எடுத்ததும் ஓங்கி வெட்டாமல் ஒன்றிரண்டு நாள் சும்மா வையுங்கள், வாயு மெல்ல வெளியேறும். ஸ்பிரிங், பைக் பிரேக் சாமான், பாரம் தாங்குகிற போல்ட் இவற்றை நான் வாளியில் போடுவதில்லை. உயிர் சம்பந்தப்பட்ட சாமானுக்குப் புதிதே வாங்க வேண்டும்.

மரப்பிடியைக் கழற்ற முடிந்தால் கழற்றுங்கள். இல்லையென்றால் தண்ணீருக்கு மேலே நிற்கட்டும், சோடா மரத்தைக் கறுக்கவைக்கும்.

"பித்தளை விளக்கு, அலுமினியச் சட்டி?"

பித்தளைக்குப் புளி போதும். அலுமினியம் சோடாத் தண்ணீரில் கரன்ட் இல்லாமலே அரிக்கும், கிட்டக் கொண்டுபோகாதீர்கள்.

"நாங்க உவரி. எடுத்து எண்ணெயும் தடவுனோம். ஒரு மாசத்துல பொட்டுப்பொட்டா மறுபடி வருது."

கடலோரத்து இரும்பில் துருவுக்கு அடியில் உப்பு குடியிருக்கும். துருவை எடுத்தாலும் உப்பு உள்ளேயே இருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டு மறுபடி அரிக்கும். கரன்டே அந்த உப்பிலிருக்கிற குளோரைடைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிளஸ் பக்கம் இழுத்து வெளியே கொண்டுவரும், ஆனால் நேரம் பிடிக்கும். கடலடியில் கிடைத்த நங்கூரம், பீரங்கி போன்றவற்றை மியூசியக்காரர்கள் மாதக்கணக்கில் இப்படி வைத்திருப்பது இதற்காகத்தான். நீங்கள் முதலில் நல்ல தண்ணீரில் நாலைந்து நாள், தினம் தண்ணீர் மாற்றி ஊறப்போடுங்கள். பிறகு குறைந்த கரன்டில் ஒரு வாரம் போட்டு, நடுவில் இரண்டு தரம் சோடாத் தண்ணீரை மாற்றுங்கள்.

"பைக் டாங்க் உள்ள துரு. வீட்டு கேட்டு. இதெல்லாம் முடியுமா?"

கேட்டுக்கு இது சரிவராது. உப்புத்தாள் போட்டு ரெட் ஆக்சைடு அடியுங்கள். டாங்க்கை வீட்டில் செய்யாதீர்கள். மிச்சமிருக்கிற பெட்ரோல் ஆவியும் ஹைட்ரஜனும் ஒரே மூடிய பாத்திரத்தில் சேர்ந்தால் அது வெடிகுண்டு.

"கடையில படிக்கல்லு துருப்பிடிச்சுக் கிடக்கு. போடட்டுமா அண்ணாச்சி?"

கல்லிடைக்குறிச்சியிலிருந்து ஒரு பெரியவர் ஒரு பை நிறையக் கொண்டுவந்தார். வியாபாரத்தில் இருக்கிற படிக்கல் என்றால் போடக்கூடாது. துரு போனால் எடையும் மாறும், எடையளவு அலுவலகம் முத்திரை குத்திய கல்லில் நாம் கைவைக்கவே கூடாது. அவர் கொண்டுவந்தது அவர் அப்பா காலத்துச் சேர் கல், நினைவுக்கு வைத்திருந்தது. மெட்ரிக் எடை வந்து அறுபது வருஷத்துக்கு மேலாயிற்று. அதை மகிழ்ச்சியோடு செய்துகொடுத்தேன்.

"வேலை முடிஞ்சதும் அந்தச் செவத்தண்ணிய என்ன செய்ய?"

உடனே கொட்ட வேண்டாம். சோடா தீர்வதில்லை, குறைவது தண்ணீர்தான். குறைந்த அளவுக்குத் தண்ணீர் ஊற்றிப் பல தரம் ஓட்டலாம். கொட்டும்போது தெளிந்த தண்ணீரை நிறையத் தண்ணீரோடு சாக்கடையில் விடுங்கள். அடியில் தங்கும் சகதி வெறும் இரும்புத் துருதான், காயவைத்துக் குப்பையில் போடலாம். தென்னை மூட்டில் ஊற்றாதீர்கள், சோடியம் சேர்ந்தால் மண் இறுகும். வாய்க்காலிலும் ஆற்றிலும் வேண்டாம். பழைய பெயின்ட் உரிந்து கலந்த தண்ணீர் என்றால் பெயின்ட் செதிலை வடிகட்டித் தனியே எடுங்கள், அந்தக் காலத்துப் பெயின்டில் ஈயம் இருக்கலாம்.

"வயக்காட்டுல குழி தோண்டும்போது பழைய ஈட்டி மாதிரி ஒண்ணு கிடைச்சிருக்கு. சுத்தம் பண்ணித் தருவீங்களா?"

மாட்டேன். நீங்களும் செய்யாதீர்கள். நம்முடையது தாமிரபரணிக் கரை. ஆதிச்சநல்லூரில் 1876-இல் ஜெர்மன்காரர் ஜாகோரும், பிறகு 1899-இல் தொடங்கி அலெக்சாண்டர் ரீயும் தோண்டியபோது தாழிகளோடு வாளும் ஈட்டியும் அம்புமுனையுமாக இரும்பு குவிந்தது. சிவகளையில் இரும்போடு கிடைத்தவற்றைக் காலக்கணிப்புச் செய்து, கி.மு. 3345 வரை போகிறது என்று 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்தது. உங்கள் கையில் இருப்பது அந்த வரிசையில் ஒன்றாக இருக்கலாம்.

அத்தனை பழைய இரும்பில் பெரும்பாலும் உள்ளே இரும்பே மிஞ்சியிருக்காது. உருவத்தைப் பிடித்துக்கொண்டிருப்பது துருதான். வாளியில் போட்டால் குமிழி அதைச் செதில் செதிலாகப் பெயர்த்துவிடும், காலையில் அடியில் சகதி மட்டும்தான் கிடக்கும். ஆகவே கழுவக்கூட வேண்டாம். ஒட்டிய மண்ணோடு அப்படியே காகிதத்தில் பொதிந்து, எடுத்த இடத்தில் ஒரு அடையாளம் நட்டுவைத்து, கிராம நிர்வாக அலுவலரிடமோ தாசில்தாரிடமோ சொல்லுங்கள். மண்ணுக்கடியில் கிடைப்பதைக் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878-ஆம் வருஷத்துப் புதையல் சட்டம் சொல்கிறது. அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து இதைக் கேட்டவரிடமும் இதைத்தான் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டு, துண்டில் சுற்றியபடியே எடுத்துப் போனார்.